நான்கெல்லைக்குள் ஓர் ஐப்பசி

இருபத்திரண்டு வருடங்களில் பிராமி எழுதிய பத்திரங்களை ஒன்றோடொன்று ஒட்டினால், திருவண்ணாமலை மலையைச் சுற்றி ஒரு வேலியே போட்டுவிடலாம். ஆனால் அவற்றில் ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே இருக்கிறது பத்திர எழுத்தர் கோதண்டராமனின் அறை. அங்கேதான் அவளுக்கு வேலை. நிலம் விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரே உட்கார்ந்து, பாட்டன் பெயர், பொதுக்கிணறு, நடுவில் போகும் வாய்க்கால் என்று கலைத்துப் போட்டுச் சொல்வார்கள். பிராமி தலையை ஆட்டிக்கொண்டே கேட்பாள். அரை மணி நேரத்தில் அது கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு என்று நான்கு எல்லையும் கட்டிய, செக்குபந்தி சுத்தமான பத்திரமாகிவிடும். கடைசிப் பக்கத்தின் அடியில் 'எழுதியவர்' என்ற இடத்தில் கோதண்டராமன் தன் பெயரையும் உரிம எண்ணையும் போட்டுக் கையெழுத்திடுவார். சட்டப்படி அதுதான் சரி. உரிமம் அவரிடம் இருக்கிறது, பிராமியிடம் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் பிரிண்டரிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் அவள் பார்வை முதலில் அந்த மூலைக்குத்தான் போகும்.

ஏதாவது ஒரு காகிதத்தில், அது பால்காரருக்கு எழுதிய சீட்டாக இருந்தாலும் சரி, 'எழுதியவர்: பிராமி' என்று அச்சில் பார்த்துவிட்டால் போதும் என்று ஒருநாள் போனில் மகள் சுருதியிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற சுருதி அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் நாற்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்குப் புடவைக்குப் பதிலாக ஓர் எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாள். பெயர், 'இலையுதிர்காலத்தில் எழுதுவோம்'. நான்கு சனிக்கிழமை, போனிலேயே வகுப்பு. கடைசி நாளில் பத்துப் பேரும் அவரவர் எழுதியதை வாசிக்க வேண்டும். அதில் ஐந்தைத் தேர்ந்தெடுத்துப் புத்தகமாகப் போடுவார்கள்.

"பேர் போடுவாங்களா?" என்று பிராமி கேட்டாள்.

"போடுவாங்கம்மா."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

வகுப்பை நடத்திய வினோதினி, அமெரிக்காவில் ஏதோ ஒரு குளிர்ந்த ஊரில் இருந்தாள். நமக்கு மாலை ஆறரை, அவளுக்குக் காலை. அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் மரங்கள் குங்குமத்தைக் கொட்டியதுபோல் சிவந்திருந்தன. இந்தப் பருவம் எழுதுகிறவர்களுக்கென்றே வருவது என்றாள். வெளியே போய், உதிர்ந்த ஓர் இலையை எடுத்து, உள்ளங்கையில் நொறுக்கி, அந்தச் சத்தத்தையும் வாசனையையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள்.

திருவண்ணாமலையில் ஐப்பசி என்பது இலை முளைக்கிற மாதம். மலை, வெளியூர்க்காரர்கள் நின்று போட்டோ எடுக்கிற அளவுக்குப் பச்சையாகிவிடும். சுவர்ப் பிளவில்கூட ஆலங்கன்று துளிர்க்கும். இலை உதிர்வதெல்லாம் மாசி, பங்குனியில்தான். இதை வினோதினியிடம் சொல்லலாமா என்று யோசித்த பிராமி, முதல் நாளே எதிர்க்கேள்வி எதற்கு என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டுக்குப் போனாள். அங்கே மரங்கள் அதிகம். கீழே கிடந்த இலைகள் எல்லாம் எடுத்தால் ஈரக் கைக்குட்டைபோல் தொங்கின. ஒவ்வொன்றாகக் குனிந்து எடுப்பதும், நசுக்கிப் பார்ப்பதும், கீழே போடுவதுமாக அவள் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரர் இது ஏதோ ஓர் ஆன்மிகப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டார்போல. அவரும் குனிந்து ஓர் இலையை எடுத்துக் கண்ணை மூடி நசுக்கி, பயபக்தியுடன் கீழே வைத்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். பிராமி வேகமாக நடந்து ஆட்டோ ஏறிவிட்டாள்.

வரும் வழியில் பூஜைச் சாமான் கடையில் ஒரு கட்டுத் தையல் இலை வாங்கினாள். ஈர்க்குச்சியைப் பிடுங்கி ஓர் இலையை உருவிக் கசக்கியதும் மொறுமொறுவென்று நொறுங்கியது. அப்பாடா என்று உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்துப் பார்த்தால் இப்படி இருந்தது: 'செங்கம் ரோட்டுக்குத் தெற்கு, டீக்கடைக்குக் கிழக்கு, பாத்திரக்கடைச் சுவருக்கு வடக்கு, குப்பைத் தொட்டிக்கு மேற்கு. இதற்குட்பட்ட புங்கமரம் ஒன்றும், அதிலிருந்து உதிர்ந்த இலையும், அதைச் சேர்ந்த சகல பாத்தியங்களும்.'

அடுத்த சனிக்கிழமை அதை வாசித்தாள். தோஹாவிலிருந்து சேர்ந்திருந்த ஒருவர், தன் சிரிப்பு தெரியாதபடி அவசரமாகக் கேமராவை அணைத்துக்கொண்டார். தகவல் நிறைய இருக்கிறது, உணர்வுதான் கொஞ்சம் குறைவு என்று வினோதினி பக்குவமாகச் சொன்னாள்.

வந்து உட்காருகிறவருக்கு என்ன வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வது பிராமியின் தொழில். இந்த வகுப்புக்கு என்ன வேண்டும் என்பதும் அவளுக்குப் புரிந்துபோயிற்று. கணப்பருகே சூடான பானத்துடன் அமர்ந்து எழுதுங்கள் என்று வினோதினி சொன்னபோது, விறகு வெடிக்கும் சத்தத்தையும் ஜன்னல் கண்ணாடியில் படியும் பனியையும் எழுதினாள். உண்மையில் அவள் உட்கார்ந்திருந்தது கேஸ் அடுப்புக்கு எதிரே, சுக்குக் காபியுடன். அடுத்ததாகப் பூசணிக்காய். அந்த வாரம்தான் அமாவாசைக்குக் கடை வாசல்களில் உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காயில் அவள் கணவரின் ஸ்கூட்டர் வழுக்கி, அவர் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்திருந்தார். பிராமி, மஞ்சள் வெயிலில் பொன்னாகக் கிடக்கும் பூசணி வயல்களை எழுதினாள். வினோதினி நான்கு இதயப் பொம்மைகளை அனுப்பி, உங்கள் குரல் இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்றாள்.

கணவர் அதை வாங்கிப் படித்துப் பார்த்தார். "வழுக்கி விழுந்தவன் நானு. எனக்கு ஒரு வரி கூடவா இல்ல?" என்றார்.

அவர் பெயர் விருசபதாசன். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கு எடுப்பவர். கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சமணக் குடும்பம். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார், எறும்பு போகிற வழியில் ஸ்கூட்டரை நிறுத்தமாட்டார். இதிலெல்லாம் பிராமிக்குச் சிரமம் இல்லை, அவள் பிறந்த வீட்டிலும் இதேதான். ஆனால் விருசபதாசனிடம் இன்னொன்று உண்டு. மழை விட்ட மாலையில் முதல் ஈசல் உள்ளே வந்ததும் மெயினை அணைத்துவிடுவார். விளக்கைத் தேடி வந்து, முட்டி மோதிச் சாகிற உயிருக்கு நாம் பொறுப்பாகக் கூடாது என்பது அவர் கட்சி. ஊரெல்லாம் எத்தனை யூனிட் எரிந்தது என்று எழுதுகிறவர் வீட்டில், ஐப்பசி மாலைகளில் ஒரு யூனிட்கூட எரியாது.

சிக்கல் எங்கே என்றால், பக்கத்து வீட்டில். வடக்குப் பக்கம் ஒட்டினாற்போல் ராணியம்மாள் வீடு. காலையில் வாசலில் இட்லிக்கடை போடுகிறவள். ஈசல் கிளம்பியதும் அவள் வாசல் டியூப் லைட்டுக்கு நேர் கீழே ஓர் அகலமான பேசினில் தண்ணீர் வைப்பாள். விடிந்ததும் அதை அலசிக் காயவைத்து, அரிசியும் பொட்டுக்கடலையும் சேர்த்து வறுத்தெடுப்பாள். அந்த வாசனை தெருமுனை வரை போகும்.

கடைசி வகுப்புக்கு இரண்டு வாரம் முன்னால், விருசபதாசன் மதில் ஓரம் போய் நின்று, ஒரு மணி நேரம் அந்த லைட்டையும் அணைத்து வைக்கக்கூடாதா என்று தன்மையாகக் கேட்டார்.

"நீங்க அணைக்கிறதாலதான் சார் எல்லாம் எங்கிட்ட வருது" என்றாள் ராணியம்மாள். "உங்க லைட்டைப் போடுங்க. பாதி உங்களாண்ட வந்துடும். உங்களுக்குப் பாவமும் கம்மி, எனக்கு வேலையும் கம்மி."

விருசபதாசன் அன்று அசந்துபோய்த் திரும்பி வந்தவர்தான். விளக்கைப் போட்டால் இங்கே சாகும். அணைத்தால் அங்கே சாகும், அதுவும் இரண்டு மடங்கு. கிராமத்தில் இருக்கிற பெரியப்பா மகனுக்குப் போன் போட்டுக் கேட்டார். நம் சுவிட்சுக்கு மட்டும்தான் நாம் பொறுப்பு என்று அவர் சொல்லிவிட்டார். விருசபதாசனுக்கு அது திருப்தியாக இல்லை. மீட்டர் கணக்கெடுக்கிற இடத்தில்கூட இதையே நினைத்து, ஒரு வீட்டு எண்ணை இன்னொரு வீட்டுக்கு எழுதிவிட்டு ஓடிப்போய்த் திருத்தி வந்தார்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. பிராமி தன் வாசிப்புக்காக 'செவ்விலைகளின் மடியில்' என்று மூன்று பக்கம் எழுதி, கோதண்டராமன் இல்லாத நேரமாகப் பார்த்து அச்செடுத்து வைத்திருந்தாள். மேப்பிள் மரம் ஏழு இடத்தில் வந்தது. ஐந்தில் ஒன்று நிச்சயம் என்று சுருதி போனில் சொல்லியிருந்தாள். கடைசி வரியின் கீழே, யாரும் கேட்காமலே, 'எழுதியவர்: பிராமி' என்று அடித்து வைத்திருந்தாள். அதை மட்டும் நாலைந்து தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் பிடித்த மழை நாலரைக்கு விட்டது. ஐந்தேகாலுக்குச் சாப்பிட்டாகிவிட்டது. ஆறரைக்கு முன் அறையில் மேஜைமேல் செம்பில் போனைச் சாய்த்து வைத்து, தலை வாரி, நல்ல புடவை கட்டி உட்கார்ந்தாள். முதலில் கோயம்புத்தூர், பிறகு சிங்கப்பூர். மூன்றாவது பிராமி என்று வினோதினி கூப்பிடவும், காகிதத்தின் மேல் ஒரு ஈசல் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

அவள் அதை மெல்ல ஊதிவிட்டாள். வேறு மூன்று வந்தன. நிமிர்ந்து பார்த்தால் டியூப் லைட்டைச் சுற்றி மேகம் மாதிரி நிற்கிறது. கூடத்திலிருந்து விருசபதாசனின் காலடிச் சத்தம் மெயின் பெட்டியை நோக்கிப் போவது கேட்டது.

"ஏங்க, பத்து நிமிஷங்க" என்றாள் பிராமி. "பேர் வர்ற விஷயம்."

காலடிச் சத்தம் நின்றது. அவர் யோசிப்பது அவளுக்குச் சுவரைத் தாண்டித் தெரிந்தது. ஆனால் அதற்குள் ஒரு ஈசல் விளக்கில் மோதிப் பொத்தென்று காகிதத்தின்மேல் விழுந்து, மல்லாந்து காலை உதைத்தது, 'எழுதியவர்' என்ற வார்த்தைக்கு நேர் மேலே. பிராமி அதை விரலால் புரட்டி நிமிர்த்திவிட்டாள். பிறகு, "அணைச்சிடுங்க" என்றாள்.

வீடு இருட்டாயிற்று. இப்போது அந்த வீட்டிலேயே வெளிச்சம் என்பது அவள் போன் மட்டும்தான். ஈசல் எல்லாம் அதன்மேல் வந்து அப்பிக்கொள்ள ஆரம்பித்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்தாள். வினோதினியின் குரல் மேஜைக்குள்ளிருந்து வருவதுபோல், "பிராமி மேம், இருக்கீங்களா?" என்றது.

இருப்பதாகச் சொல்லிவிட்டு, மனப்பாடமாகத் தொடங்கினாள். செந்நிற இலைகள் பூமித்தாயின் மடியில், என்று ஒரு வரி வந்தது. அடுத்த வரியும் பாதி வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. கட்சிக்காரர் சொன்ன நிலத்தை இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் எல்லையோடு சொல்லக்கூடியவள் அவள். ஆனால் அந்த மேப்பிள் மரம் எந்தப் பக்கம் இருந்தது என்று அவளுக்கு நினைவே வரவில்லை. அது எந்தப் பக்கமும் இருந்ததில்லை.

ஒன்பது பேர் காத்திருந்தார்கள். நாக்குக்குத் தெரிந்த வழியில் போக வேண்டியதாயிற்று.

"திருவண்ணாமலை டவுன், கீழ்பென்னாத்தூர் போற ரோட்டை ஒட்டின தெரு, கதவு எண் பதினாலு" என்றாள். "வடக்கே ராணியம்மாள் வீடு. தெற்கே காலி மனை. கிழக்கே தெரு. மேற்கே மலை. மலைமேல மேகம் உக்காந்துட்டு இருக்குது. இதுக்கு நடுவுல என் வீடு. லைட்டு இல்ல. நான் எழுதினது கையில இருக்குது, படிக்க முடியல."

யாரும் சிரிக்கவில்லை. அவள் தொடர்ந்தாள். ஈசல் எப்படிப் பூமியிலிருந்து கிளம்புகிறது, கணவர் ஏன் மெயினை அணைக்கிறார், வடக்கு எல்லையில் ராணியம்மாள் பேசின் எங்கே வைக்கிறாள் என்று வரிசையாகச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து வடக்கு எல்லையிலிருந்தே குரல் வந்தது.

"பிராமிம்மா, மெயினை அணைச்சிட்டாரா உங்க வீட்டுக்காரரு? ரொம்ப தேங்க்ஸுன்னு சொல்லு. பேசினு ரொம்புது இங்க."

இது வகுப்பு முழுவதும் கேட்டது. விருசபதாசனுக்கும் கேட்டது. பின்கதவு திறக்கும் சத்தம். ஜன்னல் வழியே பார்த்த பிராமி, பார்த்ததை அப்படியே சொல்லிக்கொண்டு போனாள். தெற்கு எல்லைக் காலி மனையில், முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவில், அவள் கணவர் மின்வாரிய டார்ச் லைட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஈசல் கூட்டம் ராணியம்மாள் வாசல் டியூப் லைட்டை விட்டுப் பிரிந்து, கூரை மேலாக அந்தப் பக்கம் போகிறது. பேசின் இல்லாத இடம், ஈர மண். அங்கே இறங்கினால் அவை இறக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடும்.

"எங்க ஊர்ல இந்த மாசத்துல இலை உதிராது" என்றாள் பிராமி. "ரெண்டு மூணு வாரமா நான் சொன்னதெல்லாம் வேற யாரோ பார்த்தது. இங்க உதிர்றது ஈசல் இறக்கை. காலையில எழுந்து பார்த்தா வாசல்ல, ஜன்னல் ஓரத்துல, குளியலறையில, எங்க பார்த்தாலும் கிடக்கும். தொடப்பத்தை வெச்சா பறக்கும், வார முடியாது. வருஷா வருஷம் வாசல் தெளிக்கும்போது திட்டிக்கிட்டே பெருக்கறேன். இது எழுதற விஷயம்னு எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான் என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு வினோதினி, அந்த இருட்டை ஒரு குறியீடாக வைத்த விதம் தன்னை உலுக்கிவிட்டது என்றாள்.

"குறியீடு இல்லைங்க. மெயினை அணைச்சிட்டாரு" என்றாள் பிராமி.

விருசபதாசன் ஏழே காலுக்கு, முழங்கால்வரை சேறும் ஒரு முழு உடம்பு கொசுக்கடியுமாக வந்து சேர்ந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் ராணியம்மாள், அரைப் பேசின்கூடத் தேறவில்லை, எல்லாவற்றையும் டார்ச் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார் என்று தெருவில் போகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். விருசபதாசன் முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

நான்காம் நாள் வினோதினியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சொன்னதையே எழுதி அனுப்பினால் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வேண்டுகோள். புத்தகம் இலையுதிர்காலத்தைப் பற்றியது என்பதால், ஈசல் இறக்கை என்று வருகிற இடங்களில் சருகு என்று மாற்ற முடியுமா? பூச்சி என்றால் சிலருக்கு ஒவ்வாது. டார்ச் லைட் பகுதி மிகைபோல் தோன்றுவதால் அதையும் எடுத்துவிடலாம்.

பிராமி மறுநாள் மதிய இடைவேளையில் கணினி முன் உட்கார்ந்து, அன்று சொன்னதை அடித்து முடித்து, ஒவ்வோர் இடமாக மாற்றிப் பார்த்தாள். மாற்றுவது ஐந்து நிமிட வேலைதான். கீழே 'எழுதியவர்: பிராமி' என்று அப்படியே இருந்தது. மேலே ஒரு தடவை படித்தாள். போன வருடம் ஒருவர் வந்து, பொதுக்கிணற்றைத் தன் எல்லைக்குள் பத்தடி தள்ளி எழுதித் தரச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டார். எழுந்து போங்க என்று அவரிடம் சொன்னது கோதண்டராமன் இல்லை, அவள்தான். அதுவும் அவள் பெயர் வராத பத்திரத்துக்கு.

மாற்றாத பிரதியை இணைத்துப் பதில் எழுதினாள். 'மேற்படி நான்கெல்லைக்குள் சருகு எதுவும் இல்லை. ஈசலும் டார்ச் லைட்டும் உண்டு. இல்லாததை உண்டென்று எழுதி அதன் கீழே பெயர் போட இயலாது. உள்ளது உள்ளபடி போடுவதானால் பெயரோடு போடவும். இல்லையென்றால் இரண்டும் வேண்டாம்.'

அனுப்பிய வீறாப்பு அரை மணி நேரம்தான் இருந்தது. பிறகு ஒரு மாதம், சாம்பாருக்கு உப்புப் போட்டோமா என்று இரண்டு தடவை பார்க்கிற அளவுக்கு மனசு போனிலேயே கிடந்தது. கொஞ்சம் பணிவாக எழுதியிருக்கலாம் என்று சுருதி சொன்னாள். டார்ச்சை வேண்டுமானால் எடுத்துவிடு, எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று விருசபதாசன் வருத்தத்தோடு சொன்னார். தீபத்துக்குக் கூட்டம் வந்து போனது. மழை நின்றது.

மார்கழி முதல் வாரத்தில் புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் ஒரு சிவந்த மேப்பிள் இலை. முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஈசல் ஈசலாகவே இருந்தது. டார்ச் இருந்தது, தூக்கிப் பிடித்த வேட்டியும் இருந்தது. அடியில், எழுதியவர்: பிராமி, திருவண்ணாமலை. விருசபதாசன் தன் பகுதியை மட்டும் மூன்று முறை படித்துவிட்டு, வேட்டியை அவ்வளவு உயரமாகத் தூக்கவில்லை என்றார். ராணியம்மாளுக்குப் படித்துக் காட்டியபோது, தன் பெயர் முதல் எல்லையாகவே வந்திருப்பதில் அவளுக்குப் பரம திருப்தி. தெருவில் மற்ற யாருக்கும் அது வாய்க்கவில்லையே.

அந்தப் பக்கங்களை மட்டும் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து, பிராமி கோதண்டராமனின் மேஜையில் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரம் சரிபார்க்கிற விதமாக, வரிக்கு வரி ஆள்காட்டி விரலை ஓட்டிப் படித்தார். இடையில் வந்த ஒரு கட்சிக்காரரைக் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"செக்குபந்தி கரெக்டா இருக்குது" என்றார் கடைசியில். "அளவு போடாம வுட்டுட்டியேம்மா."

சொல்லிக்கொண்டே, கை பழக்கத்தில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றி, அடி மூலைக்குக் கொண்டுபோனார்.

பிராமி காகிதத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "சார், இதுல கையெழுத்து நான் போடணும்" என்றாள்.

அவர் ஒரு கணம் அந்த மூலையைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திருப்பி அவளிடம் நீட்டினார்.